ஆடியில் வராத ஓணான்

என் கணவருக்கு ஆசைகளே கிடையாது என்று பலபேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். காபி ஆறியிருந்தாலும் குடித்துவிடுவார். தீபாவளிக்கு எந்த வேஷ்டியை எடுத்து வைத்தாலும் கட்டிக்கொள்வார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு சின்ன தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம், அச்சும் கருவிகளும் செய்யும் டூல்ரூமில் வேலை பார்த்துவிட்டு, ஒரு சால்வையும் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றார். அந்தக் கடிகாரத்தை எங்கே மாட்டலாம் என்றுகூட அவர் சொல்லவில்லை. நான்தான் இடம் பார்த்து மாட்டினேன்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்து, "ஒரு பியர்டட் டிராகன் வளர்க்கலாம்னு பார்க்கறேன்" என்றார்.

இப்போதெல்லாம் மாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறார்களே, சிவப்புத் தோல் டிராகன் பழம், அந்தச் செடியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, தாராளமாக வளருங்கள் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. உடனே கைப்பேசியில் படத்தை எடுத்துக் காட்டினார். மணல் நிறத்தில், ஒரு முழம் நீளத்துக்கு, தாடையைச் சுற்றி முள்ளு முள்ளாக ஓர் ஓணான்.

"நம்மாத்துல டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஏற்கெனவே நாலு பல்லி இருக்கு. அதுல எது பிடிச்சிருக்கோ எடுத்துக்கோங்கோ" என்றேன்.

சிரித்தார். நானும் சிரித்தேன். விஷயம் முடிந்தது என்று கீரையைக் கழுவ எழுந்துபோனேன். ஆனால் மறுநாளும் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார்.

அவரிடம் வேலை கற்றுக்கொண்ட இளைஞன் ஒருவன் அடையாறில் இருக்கிறான். மேற்படிப்புக்கு ஜெர்மனி போகப் போகிறான். நான்கு வருஷமாக அவன் வளர்த்த ஓணான் அது. ஏதோ புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க இவர் அங்கே போனபோது, அது இவர் கையில் ஏறி, தோள்பட்டைக்கு வந்து, அங்கேயே தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் கிடந்திருக்கிறது. "எங்கிட்ட வந்து தூங்கித்து" என்று அன்றைக்கு மூன்று தடவை சொன்னார். அந்தப் பையனும், நீங்கள்தான் சார் எதையும் அளந்து அளந்து பார்த்துக்கொள்வீர்கள், உங்களிடம்தான் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறான்.

"அது எத்தனை வருஷம் இருக்கும்?" என்று கேட்டேன்.

"பத்து, பன்னண்டு. இதுக்கு இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கு."

"அது இருக்கற வரைக்கும் நீங்க இருக்கணுமே."

"இருப்பேன்" என்றார், ரொம்ப நிச்சயமாக. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதைச் சொல்லிவிடவில்லை. எனக்கு அந்த வழக்கம் இல்லை.

வேண்டாம் என்று நேராகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ஒரு சண்டையோடு போயிருக்கும். நான் நிபந்தனைகள் போட்டேன். முதல் நிபந்தனை, ஆத்துக்குள் பூச்சி வரக்கூடாது. அந்த ஓணான் கீரையும் காயும் தின்னும், ஆனால் வாரத்தில் ஒரு தடவையாவது உயிருள்ள பூச்சியும் அதற்குக் கொடுக்க வேண்டுமாம். அதற்கென்றே கரப்பான்பூச்சிகளை டப்பாவில் போட்டு விற்கிறார்களாம். அலமாரி இடுக்கெல்லாம் நான் சாக்பீஸ் கோடு கிழித்துக் கரப்பான்பூச்சியைக் கொன்றுகொண்டிருக்கும் வீட்டில், கரப்பான்பூச்சி வளர்க்க இடம் கேட்டால் என்ன சொல்வது?

இரண்டு நாள் யோசித்துவிட்டு வழி கண்டுபிடித்தார். ஈக்காட்டுத்தாங்கலில் அவருக்குத் தெரிந்த அலுமினிய ஃபேப்ரிகேஷன் பட்டறைக்காரர் ஒருவர் உண்டு. பூச்சி டப்பா அவரிடம் இருக்கும். வாரம் ஒரு நாள் ஓணானைக் கூடையில் வைத்து ஆட்டோவில் அழைத்துக்கொண்டுபோய், அங்கே தின்ன வைத்து, வாயைத் துடைத்து அழைத்து வந்துவிடுவார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மயிலாப்பூரில் இது ஒன்றும் புதிய ஏற்பாடு இல்லை. எங்கள் தெருவிலேயே பிள்ளைகள் வெளியில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, பாக்கு மென்றுகொண்டு வந்து ஆத்தில் தயிர்சாதம் சாப்பிடுவார்கள். பெற்றவர்களுக்கும் தெரியும். யாரும் கேட்கமாட்டார்கள்.

"சனிக்கிழமை வேண்டாம். ஞாயித்துக்கிழமை போயிட்டு வரட்டும்" என்றேன். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். நான் கேலிக்குத்தான் சொன்னேன். ஆனால் மறுக்கவும் இல்லை.

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீடு டூல்ரூம் ஆனது. கல்யாணமாகிப் போன பெண்ணின் அறையில் என் கொலுப்படியும் பழைய பீரோவும் கிடந்தன. அவற்றை ஒரு பக்கமாக நகர்த்தி இடம் பண்ணினார். நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் கண்ணாடிப் பெட்டி. மேல் பக்கம் காற்றுக்காக வலை. பட்டறைக்காரரே குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"இன்னாமா, ஓணானுக்கு பங்களா வந்துகீது. எங்க வெக்கணும்?" என்று வாசலிலிருந்தே கேட்டார். "நாங்க ஊட்ல அஞ்சு பேரு ஒரே ரூம்ல படுத்துகினு கீறோம். சார் இதுக்குத் தனியா கட்டிக் குடுக்குறாரு."

"அவரைக் கேளுங்கோ. எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

தரைக்கு மணல் போடக்கூடாதாம், தின்றுவிட்டால் வயிற்றில் அடைத்துக்கொள்ளுமாம். கடப்பாக்கல் வாங்கிவந்து, ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஒரு கோடியில் வெயில் காய விளக்கு, இன்னொரு கோடியில் ஒதுங்க நிழல். இதைத் தவிர புற ஊதாக்கதிர் தரும் குழல்விளக்கு ஒன்று. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் அதற்குப் பிரயோஜனமில்லை, எலும்பு வளைந்துவிடும் என்று எனக்கு விளக்கினார். மேடுபள்ளத்துக்கு ஒரு கொய்யாக் கிளையை வெந்நீரில் ஊறவைத்துக் காயவைத்துப் பொருத்தினார். மாட வீதியில் கீரைக்காரியிடம் மருந்தடிக்காத முருங்கைக்கீரை எது என்று அவர் விசாரித்த விசாரணையில், ஆத்துல கன்னுக்குட்டி கட்டியிருக்கீங்களா சார் என்று அவள் கேட்டாளாம்.

பெட்டி தயாரான பிறகு மூன்று வாரம், காலியாக இருக்கும் பெட்டிக்குக் காலை, மத்தியானம், சாயங்காலம் என்று சூடு பார்த்து நோட்டில் எழுதினார். அது பாலைவனத்துப் பிராணி. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று வந்தால் எங்கள் வீட்டில் உப்பே கசிந்துவிடும். அந்த ஈரம் ஆகாது என்று பெட்டியைப் பால்கனிப் பக்கத்திலிருந்து உள்சுவருக்கு மாற்றினார். மறுபடி மூன்று வேளை எழுதினார்.

இங்கேதான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஓணான்மேல் எனக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. அவர் அந்த வெற்றுப் பெட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைச் சரித்துக்கொண்டு, சூடு ஒரு புள்ளி ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கல்யாணமான முப்பத்துநான்கு வருஷத்தில் இந்த வீட்டில் எதன் முன்னாலும் அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. என் முன்னாலும்தான். காலிப் பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது கோபமாகத்தான் இருந்தது. அவருடைய சுவாதீனத்தில் இந்த வீட்டில் ஒன்று முளைப்பதே எனக்குப் பழக்கமில்லை.

ஒரு தடவை அவரோடு அடையாறுக்குப் போய் அதைப் பார்த்தேன். கல்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. நான் கிட்டே போனதும் முன்கால் ஒன்றைத் தூக்கி, மெதுவாக வட்டம் போட்டு ஆட்டியது. டாட்டா காட்டுகிறதா என்று கேட்டேன்.

"இல்ல ஆன்ட்டி, புதுசா ஆளைப் பார்த்தா அப்படித்தான் பண்ணுவான்" என்றான் அந்தப் பையன். "நான் சின்னவன், உன்கூட சண்டைக்கு வரல, என்னை விட்டுடுன்னு அர்த்தம்."

என் கணவர் பக்கத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்குச் சொல்லும் 'சரி'யும் இதுதானோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதை உடனே தள்ளிவிட்டேன். ஊருக்குப் போகும் கடைசி வாரம் வரை கூடவே வைத்துக்கொள்கிறேன் சார், கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு நீங்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பையன் கேட்டான். இவர் சரி என்றார்.

வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தேன். அந்த ஞாயிறு ஆடிக் கடைசியில் விழுந்தது.

"ஆடியில புதுசா ஒரு ஜீவனை ஆத்துக்கு அழைச்சுண்டு வரப்படாது" என்றேன்.

"அது கல்யாணத்துக்கு, குடிபோறதுக்குத்தானே?"

"எல்லாத்துக்கும்தான். ஆவணி பொறந்ததும் அழைச்சுண்டு வாங்கோ. நான் ஒண்ணும் வேண்டாம்னு சொல்லலையே."

"அதுக்குள்ள அவன் போயிடுவானே."

"ஒரு வாரம் யார்கிட்டயாவது விட்டு வைக்கச் சொல்லுங்கோ."

பட்டறையில் விடலாமா என்று அவரே யோசித்து, இரும்புத்தூசியும் வெல்டிங் புகையும் அதற்கு ஆகாது என்று அவரே விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து, நாள்காட்டியை ஆணியிலிருந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். அவர் நாள்காட்டியைத் தொட்டு நான் அதுவரை பார்த்ததில்லை.

"ஆடிப்பெருக்கு நல்ல நாள்னு போட்டிருக்கே. பையன்கிட்ட பேசிட்டேன், கொஞ்சம் முன்னாடியே தரேங்கறான். அன்னிக்கு அழைச்சுண்டு வந்துடலாமா?"

அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆடிப்பெருக்கு நல்ல நாள்தான். எனக்கும் தெரியும். பெண்ணுக்கு நகை எடுத்ததே ஒரு ஆடிப்பெருக்கன்றுதான்.

"அது சரடு மாத்திக்கறதுக்கும் விதை விதைக்கறதுக்கும். ஓணானுக்கு இல்லை" என்றேன். தாளித்துக்கொண்டிருந்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓணானுக்கு நாள் குறித்து எந்தப் பஞ்சாங்கத்திலும் எழுதவில்லை. நானே அந்த நிமிஷத்தில் உண்டாக்கிச் சொன்ன சாஸ்திரம். தள்ளிப் போட்டுக்கொண்டே போனால் தானாகவே இது நின்றுபோகும் என்றுதான் மனசுக்குள் கணக்கு.

"சரி" என்றார். நாள்காட்டியைக் கொண்டுபோய் மாட்டினார். கொஞ்ச நேரத்தில் அடுத்த அறையிலிருந்து அவர் கைப்பேசியில் பேசுவது கேட்டது. "இல்லப்பா. என்னால முடியாது போலிருக்கு. நீ வேற நல்ல இடமா பாரு." என் பேச்சையே அவர் எடுக்கவில்லை. என்னால் முடியாது என்றுதான் சொன்னார்.

அதே வாரம் தி.நகரில் ஆடித் தள்ளுபடி. ஒவ்வொரு வருஷமும் போவதுபோலப் போனோம். கூட்டத்தில் இடிபட்டு, இரண்டு புடவை, தலையணை உறைகள், ஐந்து லிட்டரில் புது பிரஷர் குக்கர். குக்கர் அட்டைப்பெட்டியை அவர்தான் மார்போடு அணைத்து மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்தார். ஆடியில் புதுசா ஆத்துக்கு எதுவும் வரக்கூடாது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்க எல்லா நியாயமும் இருந்தது.

"எங்கே வைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார். மேடைமேல் வையுங்கள் என்றேன். புடவையை நாலு பேருக்குக் காட்டி விலையைச் சொல்லி மகிழ்ந்தேன். குக்கரைப் பார்த்து எனக்கு உறைத்தது பல நாள் கழித்து.

ஓணான் ஆதம்பாக்கத்தில் ஒரு இளம் தம்பதியிடம் போய்ச் சேர்ந்தது. பையன் ஜெர்மனி போனான். ஆவணி முதல் தேதி காலையில் தலைக்குக் குளித்து, பாயசம் வைத்து, அவரிடம் போய்ப் பெரிய மனசு பண்ணிச் சொன்னேன்.

"இன்னிக்கு நாள் நன்னா இருக்கு. வாங்கோ, கடையில போய் வேற ஒண்ணு பார்த்து அழைச்சுண்டு வரலாம். பூச்சி டப்பா பால்கனியில இருந்துட்டுப் போகட்டும்."

"வேண்டாம்மா. அந்த ஆசை போயிடுத்து."

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் திருப்பிச் சொல்ல நூறு இருந்தது. அவர் சாதாரணமாகச் சொன்னார். பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது கண்ணாடிப் பெட்டி இல்லை. "ஆதம்பாக்கத்துல அவாளோட பெட்டி சின்னது. பட்டறைக்காரர் வண்டியில குடுத்தனுப்பிட்டேன்" என்றார். விளக்கு, கடப்பாக்கல், கொய்யாக் கிளை, அந்த நோட்டு எல்லாமே போயிருந்தது. கொலுப்படியைப் பழைய இடத்துக்கே தள்ளி வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் வெளியே போக ஆரம்பித்தார். பழைய ஆபீஸ்காரர்கள் கிண்டிப் பக்கம் வாக்கிங் போகிறார்கள், நானும் போகிறேன் என்றார். நல்லதாகப் போயிற்று, வீட்டில் அடைந்து கிடக்காமல் இருக்கிறாரே என்று நினைத்தேன். பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்கு வருவார். வெயில் ஏறிய பிறகு என்ன வாக்கிங் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. அந்த நேரத்தில் எனக்கும் டிவி பார்க்க வசதியாக இருந்தது.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கைப்பேசியை ஃப்ரிட்ஜ்மேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். அது அடித்தது. திரையில் 'ஆதம்பாக்கம்' என்று வந்தது. எடுத்தேன்.

"அங்கிள், கிளம்பிட்டீங்களா?" என்று ஒரு இளம்பெண் குரல். "இன்னிக்கு நீங்க லேட். இவன் கண்ணாடிப் பக்கத்துலயே வந்து உட்கார்ந்துட்டு வாசலையே பார்த்துக்கிட்டிருக்கான்."

"அவர் கிளம்பிட்டார்மா. போனை மறந்துட்டார்."

"ஆன்ட்டியா?" குரலில் சட்டென்று ஒரு கரிசனம் வந்தது. "உங்களுக்கு இப்ப எப்படி இருக்கு ஆன்ட்டி? அந்தத் தோல் அலர்ஜி சரியாச்சா?"

எனக்குத் தோலில் ஒன்றும் இல்லை.

"அங்கிள் வாராவாரம் சொல்லுவாரு. உங்களுக்குத்தான் இவனை ரொம்பப் பிடிச்சிருந்ததாம், டாக்டர்தான் இது மாதிரி பிராணி எதையும் கிட்ட வெச்சுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாராம். இல்லேன்னா உங்க வீட்லதானே வளர்ந்திருப்பான். பாவம் ஆன்ட்டி நீங்க. ஒரு தடவை மாஸ்க் போட்டுக்கிட்டாவது வந்து பார்த்துட்டுப் போங்களேன்."

வரேன்மா என்றோ என்னவோ சொன்னேன். பிறகு, "நான் போனை எடுத்தேன்னு அவர்கிட்ட சொல்லிட வேண்டாம்மா. கவலைப்படுவார்" என்றேன். ஏன் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. நல்ல பெண்.

நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அவர் பொய் சொன்னதற்காக இல்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் என் பெயர் கெடாமல் இருக்க வேண்டும் என்று, இல்லாத வியாதியை எனக்கு உண்டாக்கி, அதை வாராவாரம் சொல்லிக்கொண்டும் இருக்கிறாரே. பிறகு அந்த அழைப்பை எப்படி அழிப்பது என்று தெரியாமல் பத்து நிமிஷம் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தேன். எப்படியோ அழிந்தது.

ஒரு மணிக்கு வந்தார். கைகால் அலம்பிக்கொண்டு, "போனை விட்டுட்டுப் போயிட்டேன். யாராவது கூப்பிட்டாளா?" என்று கேட்டார்.

"யாரும் கூப்பிடலையே. வாக்கிங் எப்படி இருந்தது?"

"நன்னா இருந்தது" என்றார். முகத்தில் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த நாட்களின் களை இருந்தது.

'எல்லாம் எனக்குத் தெரியும், அடுத்த வாரம் என்னையும் அழைச்சுண்டு போங்கோ' என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் சரி என்பார். அழைத்துக்கொண்டும் போவார். அதற்கடுத்த வாரம் எனக்கு முழங்கால் வலி என்றால் அவரும் போகமாட்டார். மழை வரும்போல இருக்கிறதே என்று நான் ஜன்னலைப் பார்த்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிடுவார். எனக்குத் தெரியாமல் இருக்கும் வரைக்கும்தான் அது அவருக்கு இருக்கும். முப்பத்துநான்கு வருஷத்தில் அவர் ஆசைப்பட்ட ஒன்றுக்கு நான் இப்போது செய்யக்கூடியது இவ்வளவுதான்.

"சாப்பிட வாங்கோ" என்று இலையைப் போட்டேன்.